கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டுத் தேர்வு வையுங்கள்

அமெரிக்கக் கல்லூரிகளின் அட்மிஷன் அலுவலகங்களை நடத்தும் பெரியவர்களுக்கும், காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டர். மதுரைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். இந்த ஊருக்கு வந்து 20 வருடம் ஆகிறது. என் மகள் 2024 இலையுதிர்காலத்தில் உங்களில் 13 பேருக்கு விண்ணப்பம் போட்டாள். நல்லபடியாக ஓரிடம் கிடைத்து, இப்போது ஹாஸ்டலில் இருந்து வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். ஆகவே இது சீட் கிடைக்காத வயிற்றெரிச்சலில் எழுதும் கடிதம் இல்லை. நீங்கள் கேட்கும் கேள்விகள் பிடிக்கவில்லை என்ற புகாரும் இல்லை. அந்தக் கேள்விகள் என்னென்ன என்று கண்டுபிடிக்க நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தமிழில் எழுதினால் அவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று என் மனைவி கேட்டாள். கோபம் எனக்குத் தமிழில்தான் கோர்வையாக வருகிறது. தவிர, வாராவாரம் தமிழ்ப் பள்ளி வாசலில் காருக்குள் உட்கார்ந்து காத்திருக்கும் பெற்றோர் இதைப் படிப்பார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் யாராவது மொழிபெயர்த்து உங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். 650 வார்த்தைக்குள் சுருக்கச் சொல்லாமல் இருந்தால் சரி.

என் காலத்துக் கதையைச் சொன்னால்தான் நான் எவ்வளவு விவரம் தெரியாமல் இதில் இறங்கினேன் என்று புரியும். 1998-ல் பிளஸ் டூ முடித்தேன். பிளஸ் டூ மார்க்கையும் நுழைவுத் தேர்வு மார்க்கையும் சேர்த்து 300-க்கு ஒரு கட்-ஆஃப் போட்டார்கள். அந்த எண்தான் நான். கவுன்சலிங்குக்காக அப்பாவோடு சென்னைக்குப் பஸ் ஏறி, அண்ணா பல்கலைக்கழகத்தில் எந்தக் கல்லூரியில் எத்தனை சீட் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, ஐந்து நிமிடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு வெளியே வந்து டீ குடித்தோம். உன் மனதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் சிறந்த முறை என்று சொல்ல வரவில்லை. ஆனால் எதை வைத்து எடை போடுகிறார்கள் என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. கட்-ஆஃப் கணக்கு எங்கள் ஊர் பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும்.

என் மகள் பதினோராம் வகுப்பில் இருந்தபோது காமன் ஆப் பற்றிப் படித்தேன். 1975-ல் 15 கல்லூரிகள் சேர்ந்து ஆரம்பித்த ஏற்பாடு, இன்றைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் உறுப்பு. ஏழு கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 250 முதல் 650 வார்த்தைக்குள் ஒரு கட்டுரை எழுதினால் எல்லாருக்கும் அதுவே போகும். அந்த ஏழு கேள்விகளும் வருடத் தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றன. ஒரே விண்ணப்பம், ஒரே கட்டுரை. அட, நம்ம ஊர் ஒற்றைச் சாளர முறை மாதிரியே இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் சப்ளிமென்ட் என்ற சொல் வந்தது. அதுவரை அந்தச் சொல்லை நான் வைட்டமின் மாத்திரைக்குத்தான் கேட்டிருந்தேன்.

ஒவ்வொரு கல்லூரியும் தன் பங்குக்குத் தனியாகக் கேட்கும் கட்டுரைகள் அவை. ஆரம்பத்தில் எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. மகள் விண்ணப்பிக்காத கல்லூரிகளின் கேள்விகளையும் உட்கார்ந்து படித்தேன். உன் அறைத் தோழருக்கு ஒரு கடிதம் எழுது என்கிறது ஸ்டான்ஃபோர்ட். இந்தக் கணத்தில் உன் வாழ்க்கைக்குப் பின்னணி இசை எந்தப் பாட்டு என்று 50 வார்த்தையில் கேட்கிறது பிரின்ஸ்டன். ரைஸ் பல்கலைக்கழகம் ஒரு படம் அனுப்பச் சொல்கிறது. சிகாகோ பல்கலைக்கழகம் ஒருமுறை ‘எக்ஸைக் கண்டுபிடி’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. யேலின் குட்டிக் கேள்விகளுக்கு 200 எழுத்துக்குள் பதில் வேண்டும். வார்த்தை இல்லை, எழுத்து, நடுவில் விடும் இடைவெளியும் கணக்கில் சேர்ந்தது. 17 வயதுப் பிள்ளையிடம் இப்படியெல்லாம் கேட்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதைதான் வந்தது. என்னை யாராவது அந்த வயதில் கேட்டிருந்தால் என்ன பாட்டைச் சொல்லியிருப்பேன் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

கேள்விகள் அழகானவைதான். அவை இருக்கும் இடம்தான் பிரச்சினை.

சிலருடைய கேள்விகள் கல்லூரியின் இணையப் பக்கத்தில் இருக்கும். சிலருடையவை காமன் ஆப்பில் அந்தக் கல்லூரியைப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் தெரியும். அங்கேயும் ஒரே இடம் கிடையாது. சில கல்லூரிகள் கட்டுரைக்கென்று தனிப் பகுதி வைத்திருக்கின்றன. சில கல்லூரிகள் அப்பா என்ன படித்தார், எந்தப் பருவத்தில் சேரப் போகிறாய் என்ற கேள்விகளுக்கு நடுவிலேயே கட்டுரைப் பெட்டியையும் வைத்துவிடுகின்றன. சிலவற்றில் எந்தப் பாடம் என்று தேர்ந்தெடுத்த பிறகுதான் அடுத்த கேள்வி கீழே விரிகிறது. கார்னெல் மாதிரி இடங்களில் பல்கலைக்கழகத்துக்குள் எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாயோ அதைப் பொறுத்துக் கட்டுரையே வேறு. உதவித்தொகைக்குத் தனிக் கட்டுரை, அதற்குத் தனிக் கதவு. எம்ஐடி காமன் ஆப்பிலேயே இல்லை, தனி விண்ணப்பம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் தனி. காமன் ஆப்பில் ஒரு நேரத்தில் 20 கல்லூரிகளுக்கு மேல் பட்டியலில் வைக்க முடியாது என்பதால், கேள்விகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைக்கிற பிள்ளை ஒன்றைச் சேர்த்து ஒன்றை நீக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

வேலையில் நான் செய்வதே இதுதான்: எந்தப் பொத்தானை அழுத்தினால் எங்கே என்ன முளைக்கிறது என்று தேடுவது. அதற்குச் சம்பளம் தருகிறார்கள். என் மகள் அதையே சம்பளம் இல்லாமல், கால்குலஸ் வீட்டுப்பாடத்துக்கும் நீச்சல் பயிற்சிக்கும் நடுவில் செய்தாள்.

சரி, நம் கையில்தான் தொழில் இருக்கிறதே என்று ஒரு கூகுள் ஷீட் ஆரம்பித்தேன். முதலில் மூன்று நெடுவரிசை: கல்லூரி, கேள்வி, வார்த்தை எண்ணிக்கை. ஒரு வாரத்தில் அது ஒன்பது ஆயிற்று. கேள்வியை நம் சொந்த வார்த்தையில் சுருக்கி எழுதக் கூடாது, வரிக்கு வரி அப்படியே ஒட்ட வேண்டும் என்பதை முதல் தவறிலேயே கற்றுக்கொண்டோம். ‘சமூகம் பற்றி’ என்று நான் குறித்து வைத்த ஒரு கேள்வி, முழுதாகப் படித்தால் அந்தச் சமூகத்தில் உன் பங்கு என்ன என்று கேட்டிருந்தது. எல்லை வார்த்தையிலா எழுத்திலா என்று ஒரு நெடுவரிசை. கட்டாயமா விருப்பமா என்று ஒன்று. விருப்பம் என்று போட்டிருப்பதை எழுதாமல் விட எங்களுக்குத் தைரியம் வரவில்லை. தைரியமாக விட்ட இந்தியக் குடும்பம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இந்தக் கேள்வி எந்தத் திரையில் எதைச் சொடுக்கினால் வரும் என்று இன்னொன்று. எந்தக் கடைசித் தேதிக்கு என்று ஒன்று. இந்தக் கேள்வி எந்த ரகம் என்று ஒன்று. கடைசியாக, எங்கள் ஷீட்டிலேயே முக்கியமானது: ‘கடைசியாகச் சரிபார்த்த தேதி’. இன்றைக்கு இருக்கும் கேள்வி நாளைக்கும் இருக்கும் என்று நம்ப முடியாததால் வந்த நெடுவரிசை அது.

13 கல்லூரிகளுக்கு 43 கட்டுரைகள் வந்தன. நான் எண்ணியபோது 43. என் மகள் எண்ணியபோது 41. இரண்டும் சரி இல்லை என்று பிறகு தெரிந்தது.

இதில் ஒரு நல்ல விஷயத்தையும் சொல்ல வேண்டும். 43-ஐயும் ரகம் பிரித்ததும் ஆச்சரியமாக ஒன்று தெரிந்தது. உண்மையில் அவை எட்டோ ஒன்பதோ கேள்விகள்தான். ஏன் எங்கள் கல்லூரி, ஏன் இந்தப் பாடம், நீ எந்தச் சமூகத்தில் வளர்ந்தாய், உனக்கு முக்கியமான ஒரு செயல்பாடு என்ன, உன்னோடு உடன்படாத ஒருவரிடம் எப்படிப் பேசினாய், எது உனக்கு மகிழ்ச்சி தருகிறது. இவையே வேஷம் மாற்றித் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாக் கேள்விகளும் ஒரே நேரத்தில் கண்முன் இருந்தால், பிள்ளை எட்டு விஷயத்தை ஆழமாக யோசித்து, எட்டு நல்ல கட்டுரை எழுதி, ஒவ்வொரு கல்லூரிக்கும் தக்கபடி வெட்டி ஒட்டிச் சீர்செய்யலாம். 550 வார்த்தையில் மிச்சிகனுக்கு எழுதியது, 150 வார்த்தையில் வேறொரு இடத்துக்குச் சாறாக இறங்கும். ஒவ்வொரு கேள்வியாக, ஒவ்வொரு வாரமாகத் தலைகாட்டினால் 43 தடவை புதிதாகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டும். கேள்விகளைச் சேர்த்து வைப்பதை நான் இவ்வளவு பெரிய விஷயமாகப் பேசுவது இதனால்தான். ஷீட் என் பொழுதுபோக்கு இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எந்தக் கல்லூரி என்று சொல்ல மாட்டேன். உங்களில் பலருக்கு இது நாம்தானோ என்று தோன்றினால் நல்லதுதான்.

2024 ஜூலையில் மகளுக்கு நேரம் இருந்தது. பள்ளி இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் இருந்த கேள்வியை எடுத்து, பத்து நாள் உட்கார்ந்து, தன் பாட்டியோடு வத்தல் போட்ட ஒரு கோடைக்காலத்தைப் பற்றி எழுதினாள். நான் படித்த அவளுடைய எழுத்துகளிலேயே நல்லது அதுதான். ஆகஸ்ட் 1 அன்று காமன் ஆப் புது வருடத்துக்குத் திறந்தது. அந்தக் கேள்வி அங்கே இல்லை, வேறு கேள்வி இருந்தது. கல்லூரியின் சொந்தப் பக்கத்திலோ பழையது மூன்றாவது வாரம் வரை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் எங்கேயும் எந்த வருடத்துக்கானது என்று போடவில்லை. நாங்கள் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டோம். விண்ணப்பத்தில் இருப்பதே சரியானது என்று ஒரு வரி பதில் வந்தது. அந்த ஒரு வரியை அந்தப் பக்கத்தின் தலையில் போட்டிருந்தால் போதுமே ஐயா!

அந்த வத்தல் கட்டுரையை வேறொரு கல்லூரிக்குத் திருப்பினாள். அவர்கள் பக்கத்தில் 250 வார்த்தை என்றிருந்தது. விண்ணப்பப் பெட்டியில் ஒட்டியபோது 200-க்கு மேல் ஏற்க மாட்டேன் என்று சிவப்பில் காட்டியது. 50 வார்த்தை என்பது உங்களுக்கு ஓர் எண். அவளுக்கு அது பாட்டி வாய் திறந்து பேசும் இடம். பாட்டி இல்லாமலே அந்தக் கட்டுரை போயிற்று. என் அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் ஹாலோவீன் ராத்திரி. மறுநாள் நவம்பர் 1, முன்கூட்டிய விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். வாசலில் பக்கத்து வீட்டுப் பொடிசுகள் மிட்டாய்க்காகப் பெல் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். என் மனைவி கிண்ணத்தோடு போவதும் வருவதுமாக இருக்கிறாள். எல்லாம் முடிந்துவிட்டது, ஒருமுறை சரிபார்த்துவிட்டு அனுப்பிவிடலாம் என்று மகள் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். சிறந்த மாணவர்களுக்கென்று கல்லூரி தனியாக நடத்தும் ஹானர்ஸ் திட்டத்தில் உன்னைப் பரிசீலிக்கலாமா என்ற கேள்விக்கு இதுவரை பதில் சொல்லாமல் விட்டிருந்தாள். ‘ஆம்’ என்று சொடுக்கினாள். கீழே இரண்டு புதுப் பெட்டிகள் முளைத்தன. ஒன்று 300 வார்த்தை, இன்னொன்று 500.

“அப்பா,” என்று கூப்பிட்டாள். அந்தக் குரலை நான் அவள் சைக்கிளில் இருந்து விழுந்த நாளில்தான் கேட்டிருக்கிறேன்.

26 மணி நேரம் இருந்தது. அதில் ஏழு மணி நேரம் பள்ளி. எழுதினாள். அனுப்பினாள். 800 வார்த்தையும் பிழையில்லாமல் இருந்தன, உயிர் இல்லாமலும் இருந்தன. அந்த இரண்டு கட்டுரைகளை அவள் இன்றுவரை திரும்பப் படிக்கவில்லை. ‘இல்லை’ என்று மாற்றிவிடு, ஹானர்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

பிள்ளைகள் கட்டுரையை ஏஐ-யிடம் எழுதி வாங்குகிறார்கள் என்று நீங்கள் கவலைப்படுவதைப் படிக்கிறேன். நியாயமான கவலை. என் மகளோடு படித்த ஒரு பையனும் இதே மாதிரி கடைசி ராத்திரியில் கண்டுபிடித்த கேள்வி ஒன்றுக்கு என்ன செய்தான் என்று எனக்குத் தெரியும். ஜூலையில் அந்தக் கேள்வி அவன் கையில் இருந்திருந்தால் அவனே எழுதியிருப்பான். நன்றாக எழுதுகிற பையன். ராத்திரி 11 மணிக்கு முளைக்கும் பெட்டிக்கு 17 வயதில் வேறு என்ன செய்யத் தோன்றும்?

உங்கள் பக்கத்து நியாயங்களையும் யோசித்துப் பார்த்தேன்.

கேள்விகள் மாறுவதற்குக் காரணம் இருக்கலாம். 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹார்வர்ட், நார்த் கரோலினா பல்கலைக்கழகங்கள் மீதான வழக்குகளில் தீர்ப்புச் சொன்னது. சேர்க்கையில் இனத்தை ஒரு காரணியாக வைக்கக் கூடாது, ஆனால் அது தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் எழுதினால் அதைக் கருத்தில் கொள்ளலாம் என்றது. விண்ணப்பம் திறக்க ஒரு மாதம்தான் இருந்தது. பலர் அவசரமாகக் கேள்விகளை மாற்றினீர்கள். நியூயார்க் மாநிலத்தின் சாரா லாரன்ஸ் கல்லூரி அந்தத் தீர்ப்பின் வரியையே எடுத்துப் போட்டு ஒரு கேள்வி கேட்டது, துணிச்சலான கேள்வி. அந்த வருடத்தைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லா வருடமும் ஜூன் 29-ஆம் தேதி தீர்ப்பு வருவதில்லை.

மாற்றமே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. காமன் ஆப் 2025-26-க்கு ‘கூடுதல் தகவல்’ பகுதியை 650 வார்த்தையில் இருந்து 300 ஆகக் குறைத்தது. கொரோனா பற்றிய பெட்டியை எடுத்துவிட்டு, நீ எதிர்கொண்ட சவால்களும் சூழ்நிலைகளும் என்று பொதுவாக்கியது. இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதனால் சிரமம் இல்லை. எங்கள் தொழிலில் இதற்கு ரிலீஸ் நோட் என்று பெயர். என்ன மாறியது, எங்கே மாறியது, எப்போது முதல் என்று மூன்று வரி. அந்த மூன்று வரி இல்லாமல் புரோகிராமர் எதையாவது மாற்றி அனுப்பினால் நான் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்புவேன்.

தேடிக் கண்டுபிடிப்பதும் பிள்ளையின் அக்கறைக்கு ஒரு சோதனைதானே என்று உங்களில் ஒருவர் நினைக்கலாம். தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரு நண்பரே அப்படித்தான் வாதாடினார். உண்மையில் அதில் சோதிக்கப்படுவது யார் தெரியுமா? நான்தான். என் மகளுக்கு ஷீட் போடத் தெரிந்த அப்பா இருந்தான். சில வீடுகளில் ஆயிரக்கணக்கான டாலர் வாங்கிக்கொண்டு இந்தப் பட்டியலைக் கையில் கொடுக்கும் ஆலோசகர் இருக்கிறார். ஒரு பள்ளி ஆலோசகருக்கு 250 மாணவர் இருக்கலாம் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. நாட்டின் சராசரி 370-ஐத் தாண்டி நிற்கிறது. எங்கள் பள்ளி ஆலோசகர் அன்பானவர். மகளுடைய பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டார். அதற்கு மேல் அவரிடம் எதைக் கேட்பது? எங்கள் தெருமுனை உணவகத்தில் சமையல் வேலை பார்ப்பவரின் மகளும் அதே வருடம்தான் விண்ணப்பித்தாள். ஒன்பது நெடுவரிசை ஷீட்டை அவளுக்கும் பகிர்ந்தேன். அவள் பட்டியலில் இருந்த மூன்று கல்லூரிகள் எங்கள் பட்டியலில் இல்லை. அந்த மூன்றையும் அவளேதான் தேடினாள், வேலை முடிந்து வந்த பிறகு, போனில். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு விலக்குத் தருகிறீர்கள். அதற்காக உங்களை மனதார வாழ்த்துகிறேன். அந்தப் பெண்ணுக்குக் கட்டண விலக்கு கிடைத்தது. தேடிச் செலவழித்த இரவுகளுக்கு எந்தப் பெட்டியில் டிக் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

திருநெல்வேலியிலோ கோயம்புத்தூரிலோ இருந்து விண்ணப்பிக்கும் பிள்ளையைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே அரையாண்டுத் தேர்வு நடக்கும் மாதமும் உங்கள் கட்டுரை மாதமும் ஒன்று. அந்தப் பள்ளியில் சப்ளிமென்ட் என்றால் என்ன என்று கேட்க யாரிடம் போவது?

இதெல்லாம் முடியாத காரியம் இல்லை என்பதற்கு உங்களுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். எட்டுக் கேள்வி, அதில் நான்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 350 வார்த்தை. ஒன்பது வளாகங்களுக்கும் அதே நான்கு. அந்த எட்டும் பல வருடமாக அதேதான். எங்கேயும் முளைக்காது, எங்கேயும் மறையாது. பத்தாம் வகுப்பிலேயே படித்துவிட்டு ஒரு பிள்ளை இரண்டு வருடம் மனதில் ஊறப்போடலாம். எங்கள் ஷீட்டில் அந்த நான்கு வரிகளை மட்டும் ஒரே ஒரு தடவைதான் தொட்டேன். கேள்வி முன்பே தெரிந்துவிட்டதால் அவர்களுக்குத் தரம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? சிகாகோ இன்னும் ஒரு படி மேலே போய், தன் பழைய வினோதக் கேள்விகளையெல்லாம் பொதுவில் வைத்திருக்கிறது. வேண்டுமானால் அதில் ஒன்றையே எடுத்து எழுது என்கிறது. எம்ஐடி தன் கட்டுரைக் கேள்விகளைத் தன் பக்கத்தில் நேராகப் போட்டுவிடுகிறது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான்.

ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையத்தில் ஒரே ஒரு பக்கம் வையுங்கள். அதில் எல்லாக் கேள்விகளும் இருக்கட்டும். பொறியியல் என்று சொடுக்கினால் வருவது, ஹானர்ஸ் என்று சொடுக்கினால் வருவது, உதவித்தொகைக்கு வருவது, எல்லாம். பக்கத்தின் தலையில் எந்த வருடத்துக்கு என்று எழுதுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, பெட்டி உண்மையில் ஏற்கும் எல்லையைப் போடுங்கள்; வார்த்தையா எழுத்தா என்றும் சொல்லுங்கள். ஜூலை 1-க்குள் அதைப் போட்டுவிடுங்கள். ஆகஸ்ட் 1 அன்று விண்ணப்பத்தில் ஏற வேண்டிய கேள்வி ஜூலை 1-ல் உங்கள் மேஜையில் இருக்காதா என்ன? எங்கள் பக்கம் செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தினம் முடிந்ததும் பள்ளி திறந்துவிடுகிறது. அக்டோபர் 15-ஐ முதல் கடைசித் தேதியாக வைத்திருக்கும் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் மாதிரி இடங்களும் இருக்கின்றன. ஜூலை ஒரு மாதம்தான் அந்தப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து யோசிக்கக் கிடைக்கும் மாதம்.

ஒருமுறை போட்ட பிறகு அந்தச் சீசன் முடியும்வரை கை வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் மேலே ஒரு வரி, தேதியோடு. போன வருடக் கேள்விகளை அழிக்காமல், ‘இது போன வருடத்துக்கானது’ என்று பெரிய எழுத்தில் போட்டு ஓரமாக வையுங்கள். அவற்றைப் பார்த்துப் பழகுவதால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

காமன் ஆப் நடத்துகிறவர்களே, உங்களுக்குத் தனியாக. எல்லா உறுப்புக் கல்லூரிகளுக்கும் கட்டணம் எவ்வளவு, கடைசித் தேதி எது, எத்தனை சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்று ஒரு பெரிய அட்டவணை வெளியிடுகிறீர்கள். அருமையான வேலை, அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தோம். அதில் இந்தக் கல்லூரிக்குத் தனிக் கட்டுரை உண்டா இல்லையா என்றும் சொல்கிறீர்கள். உண்டு என்று சொல்கிறவர்களுக்கு, அது என்ன என்று சொல்ல இன்னும் ஒரு நெடுவரிசைதானே வேண்டும்? கணக்குத் திறக்காமலே, கல்லூரியைச் சேர்க்காமலே யாரும் படிக்கிற மாதிரி. அப்புறம், ஜூலை இறுதியில் நீங்கள் தளத்தை மூடிப் புதுப்பிக்கும்போது பொதுப் பகுதி அப்படியே இருக்கும், கல்லூரிவாரியாக நிரப்பியவை அழிந்துவிடும் என்று நீங்களே அறிவிக்கிறீர்கள். அழிக்கும் முன் அந்தப் பகுதியை ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் வையுங்கள். சின்னப் பொத்தான்தான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை, இந்த மடலை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு. இவர்கள் இதையெல்லாம் செய்யும்வரை, ஒவ்வொரு கல்லூரியையும் சேர்த்த அன்றே எல்லாப் பெட்டிகளிலும் ‘ஆம்’ போட்டுப் பாருங்கள். ஹானர்ஸ் ஆம், உதவித்தொகை ஆம், போர்ட்ஃபோலியோ ஆம், இரண்டாவது பாடம் ஆம். முளைப்பதெல்லாம் முளைக்கட்டும். குறித்துக்கொண்டு திரும்ப மாற்றிவிடலாம். அனுப்பும் பொத்தானை அழுத்தும்வரை எதுவும் அவர்களுக்குப் போகாது. இதை எனக்கு யாராவது ஆகஸ்டில் சொல்லியிருந்தால் அந்த ஹாலோவீனுக்கு நானும் வாசலில் நின்று மிட்டாய் கொடுத்திருப்பேன்.

என் மகன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. 2028 இலையுதிர்காலத்தில் அவன் முறை. அக்காவின் ஷீட்டைக் காப்பி எடுத்து, அதே ஒன்பது நெடுவரிசையோடு அவன் பெயரில் வைத்திருக்கிறேன். ‘கடைசியாகச் சரிபார்த்த தேதி’ இன்னும் காலியாக இருக்கிறது. அந்த நெடுவரிசையை நான் அழித்துவிடலாமா என்று மட்டும் அதற்குள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியில் இருந்து
ஓர் அப்பா